நம்ம வீட்டு நாய்க்குப் பெரிய வியாதியோ என்று பயம் வந்தால்...



சில வாரங்களுக்கு முன் ஒரு குழுவின் வாரக் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தோம். மொத்தம் 15 உறுப்பினர்கள். அன்றைக்கு வந்தது 14 பேர். வராத அக்கா 3 வாரமாகவே வரவில்லையாம். சேமிப்புப் பணத்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து விட்டிருக்கிறார். என்ன காரணம் என்று கேட்டோம். "அவங்க நாய்க்கு உடம்பு சரியில்லையாம்" என்று யாரோ சொல்ல, கூட்டமே சிரித்தது. பிரதிநிதி வருகைப் பதிவேட்டில் 10 ரூபாய் அபராதம் எழுதினார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம், அதை மறைப்பானேன்.

கூட்டம் முடிந்து போகிற வழியில்தான் அந்த வீடு. எட்டிப் பார்த்தோம். அக்கா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு 2 நாள் ஆன முகம். காலடியில் செவலை நிறத்தில் ஒரு நாட்டு நாய், பொட்டை. பேர் செம்பி. வயது 6. வீட்டுக்காரர் இறந்த வருஷம் குட்டியாக வந்தது. மகளையும் கட்டிக் கொடுத்து அனுப்பிய பிறகு அந்த வீட்டில் அக்காவும், 12 ஆடும், செம்பியும்தான். ராத்திரி பட்டியைச் சுற்றிக் காவல் அதுதான். அது குரைத்தால்தான் அக்கா எழுந்து லைட்டைப் போடுவார். அது சும்மா இருந்தால் நிம்மதியாகத் தூங்குவார்.

செம்பிக்குப் பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அடிக்கடி அங்கேயே நக்கிக்கொண்டிருந்தது. அக்கா வாலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே காலிஃபிளவர் பூ மாதிரி சிவப்பாக ஒரு கட்டி.

"புத்துன்னு சொல்றாங்க. பிழைக்காதாம். ஊசி போட்டு முடிச்சிருன்னு சொல்றாங்க. ஊருக்கு வெளியில கொண்டு போய் விட்டுருன்னு சொல்றாங்க. எனக்குக் கைகால் ஓடல" என்றார்.

டாக்டர்கிட்ட காட்டினீங்களா அக்கா என்று கேட்டோம். தலையை ஆட்டினார். காட்டினாராம். ஆனால் அங்கே ஆம்பளைங்க நாலு பேர் மாட்டோடு நின்றார்களாம். கூச்சத்தில் "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி போகலாமே என்றோம். அதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

"போனா புத்துன்னுதான் சொல்லுவாங்க. அதைக் காதால கேக்கிறதுக்கு, கேக்காம இருக்கிறதே தேவலை."

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. நம் உடம்பிலேயே, மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நம்மில் எத்தனை பேர் இதே மாதிரிதான் 6 மாசம் மூடி வைக்கிறோம்? அதைப் பற்றித் தனியாக ஒரு இதழில் பேச வேண்டும். இப்போது செம்பியின் கதைக்கு வருவோம்.

கட்டி என்றாலே சாவு இல்லை

நாய்க்குக் கட்டி வருவதற்குக் காரணம் பல. இன்னொரு நாய் கடித்த இடத்தில் சீழ் கோத்துக் கட்டியாகும். வயதான நாய்க்குத் தோலுக்கு அடியில் கொழுப்புக் கட்டி வரும், அமுக்கினால் நகரும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பொட்டை நாய்க்கு மடியில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய பாதிதான் புற்றுநோய். எது எது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பக்கத்து வீட்டுக்காரரால் நிச்சயம் முடியாது.

செம்பிக்கு வந்தது வேறு ஒரு ரகம். ஊர் நாய்களுக்கு நம் பக்கத்தில் அதிகம் வருவது. இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றிக்கொள்கிற புற்றுக்கட்டி இது. புற்றுநோய் தொற்றுமா என்று நாங்களும் ஆச்சரியப்பட்டுக் கேட்டோம். பொதுவாகத் தொற்றாது. இந்த ஒன்று விதிவிலக்கு. கட்டியில் இருக்கிற உயிருள்ள செல்களே உதிர்ந்து அடுத்த நாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாய்க்கு வந்த புற்று, அந்த நாய் செத்த பிறகும் நாய் விட்டு நாய் தாவி, இன்றைக்குச் செம்பி வரை வந்திருக்கிறது. மனிதருக்கு வராது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வராது. நக்குவதாலும் மோந்து பார்ப்பதாலும் சில நாய்களுக்கு மூக்கிலும் வாயிலும்கூட வருவதுண்டு. மூக்கில் ரத்தம் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பொட்டை நாயாக இருந்தால் இதை ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம். பருவத்துக்கு வந்திருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுவோம். அக்காவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாய் ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். 2, 3 வாரத்தில் அது அடங்கிவிடும். 3 வாரத்தைத் தாண்டியும் ரத்தம் சொட்டினால் அது பருவம் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய நேரம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம், இது அவசரம். பருவம் முடிந்து சில வாரம் கழித்து நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பிடவில்லை, சோர்ந்து கிடக்கிறது, பின்பக்கம் சீழ் மாதிரி வடிகிறது என்றால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். சில சமயம் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கி வயிறு மட்டும் உப்பும், அது இன்னும் மோசம். அடுத்த சந்தை நாளைக்குப் போகும்போது காட்டிக்கலாம் என்று இருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

டாக்டரிடம் கூச்சம் வேண்டாம்

மறுநாள் எங்களில் ஒருவர் துணைக்குப் போனார். நாயைக் கொண்டு போவதே பெரிய பாடு. பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். ஷேர் ஆட்டோவும் நிற்கவில்லை. கடைசியில் காய்கறி ஏற்றிப் போகிற குட்டி யானை வண்டிக்காரத் தம்பி ஏற்றிக்கொண்டார். கோணிச் சாக்கை விரித்து, அக்கா செம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலியில் இருக்கிற நாய் வளர்த்தவரையே கடிக்கும். அதனால் பழைய சேலைக் கிழிசலால் வாயைச் சுற்றி லேசாகக் கட்டிவிட்டோம். மூச்சு விடுவதற்கு இடம் இருக்க வேண்டும், வாந்தி எடுக்கிற நாய்க்குக் கட்டவே கூடாது.

இந்த முறை அக்கா பட்டென்று சொல்லிவிட்டார். "டாக்டர், இதுக்குப் பெண்குறியில கட்டி இருக்கு. ஒன்றரை மாசமா ரத்தம் போகுது." டாக்டர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. தினம் பத்து நாய்க்குப் பார்க்கிற வேலை அவருக்கு. கூச்சப்பட்டு நாம் மாற்றிச் சொன்னால் மருந்தும் மாறிப் போகும்.

கையுறை போட்டுக் கட்டியைப் பார்த்தார். ஒரு கண்ணாடித் துண்டைக் கட்டியின் மேல் ஒற்றி எடுத்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்தார். ரத்தமும் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் அக்கா எத்தனை தடவை கும்பிட்டார் என்று கணக்கே இல்லை. டாக்டர் வெளியே வந்து சொன்னார். "அம்மா, இது புத்துக்கட்டிதான். ஆனா ஊசிக்கு நல்லாக் கேக்கிற புத்து."

அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்காமலே பல நாய்கள் ஊர் எல்லையில் விடப்படுகின்றன.

வாரத்துக்கு ஒரு ஊசி. நரம்பில் போட வேண்டும். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம், சில நாய்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. மருந்தின் பேர் வின்கிறிஸ்டின். இந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூத்துக் கிடக்கிறதே நித்தியகல்யாணி, அந்தச் செடியிலிருந்துதான். குழந்தைகளுக்கு வருகிற ரத்தப் புற்றுநோய்க்கும் இதே மருந்தைக் கொடுக்கிறார்கள். உடனே செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள். அது விஷம். பல நூறு கிலோ காய்ந்த இலையைச் சுத்தம் பண்ணினால் ஒரு கிராம் அளவுக்குத்தான் மருந்து கிடைக்கும். இலையில் மற்ற நச்சும் சேர்ந்தே இருக்கிறது.

கடுமையான மருந்து இது. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடம் புண்ணாகிவிடும். அதனால் கையில் கிடைத்தவரை வைத்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கவே கூடாது. ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் நாய் சரியாகச் சாப்பிடாது, வாந்தி எடுக்கலாம். ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள் குறையும். அதைப் பார்ப்பதற்காக இடையில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அணு ரொம்பக் குறைந்திருந்தால் அந்த வாரம் ஊசியைத் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போட்டதும் "அவ்வளவுதான், கைவிட்டுட்டாங்க" என்று பயப்பட வேண்டாம். ஊசிக்குப் பிறகு 3, 4 நாளைக்கு நாயின் மூத்திரம், மலத்தைக் கையால் தொடாமல், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது. இது என்னவாக இருக்கலாம்? எந்தப் பரிசோதனையில் தெரியும்? மருந்து இங்கே இருக்கிறதா, வெளியில் வாங்க வேண்டுமா? மொத்தம் எவ்வளவு ஆகும்? மருந்து கேட்கிறதா இல்லையா என்பது எத்தனை நாளில் தெரியும்? இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் மனசுக்கு ஒரு எல்லை கிடைக்கும். "மூணாவது ஊசிக்குள்ள கட்டி சுருங்கணும்" என்று எங்களுக்குச் சொன்னார்கள். அதன் பிறகு அக்கா நாளை எண்ணினாரே தவிர, சாவை எண்ணவில்லை.

உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இந்த வசதி இல்லை என்றால் மாவட்டத் தலைமைக் கால்நடை மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வேப்பேரிக் கல்லூரி 1903-ல் தொடங்கியது. அங்கெல்லாம் நாய்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கூப்பிட்டால் வருகிற நடமாடும் மருத்துவ வண்டி முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. நாயைப் பார்ப்பார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் நடந்த வாக்குவாதம்

ஊசி, ரத்தப் பரிசோதனை, வண்டி வாடகை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்ததில் அக்காவிடம் 3,000 ரூபாய் குறைந்தது. ஒரு ஆட்டை விற்கலாம் என்றார், ஆனால் விற்கிற பருவத்தில் இருந்த ஆடு எல்லாம் சினை. குழுவில் உள்கடன் கேட்டார்.

கூட்டத்தில் பெரிய சண்டையே நடந்தது. "மனுஷாளுக்கே கடன் பத்தல, நாய்க்கா?" என்றார் ஒருவர். "போன வருஷம் என் மாமியாருக்குக் கேட்டப்போ பாதிதான் கொடுத்தீங்க" என்றார் இன்னொருவர். அதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஊக்குநர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் வயதான ஒரு உறுப்பினர் கேட்டார். "ஏம்மா, மாட்டுக் கொட்டகைக்குப் பூட்டு வாங்கக் கடன் கேட்டா கொடுப்பீங்களா மாட்டீங்களா? செம்பி அந்தப் பட்டிக்குப் பூட்டு."

தீர்மான நோட்டில் "ஆடு வளர்ப்புப் பாதுகாப்புக்கு அவசரக் கடன் ரூ.3,000, 10 தவணை" என்று எழுதினார்கள். நாய் வைத்தியம் என்றே எழுதியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் நோட்டு, அவர்கள் இஷ்டம்.

காத்திருக்கிற நாட்களில்

இந்த நாட்கள்தான் கஷ்டம். செய்வதற்கு ஏதாவது கையில் இருந்தால் மனசு கொஞ்சம் அடங்கும். அக்காவிடம் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்தோம். தினமும் செம்பி என்ன சாப்பிட்டது, எவ்வளவு தண்ணீர் குடித்தது, மூத்திரம், மலம் எப்படி, ரத்தம் எத்தனை தடவை என்று எழுதச் சொன்னோம். அவருக்கு எழுதப் பழக்கம் குறைவு. சாப்பிட்டால் ஒரு வட்டம், சாப்பிடாவிட்டால் பெருக்கல் குறி. டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார்.

மூக்கு சுட்டால் காய்ச்சல் என்று சொல்வார்கள், அது சரியில்லை. நாயின் உடம்புச் சூடு நம்மைவிட அதிகம், 101, 102 டிகிரி அதற்குச் சாதாரணம். மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஜா நிறமாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கி எடுத்தால் வெளுத்து, 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, தாமதிக்கக் கூடாது. உண்ணி அதிகம் உள்ள நாய்களுக்கு வருகிற உண்ணிக் காய்ச்சலிலும் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், சாப்பாடு இறங்காது. பார்ப்பதற்குச் சாகப் போகிற மாதிரி இருக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், மாத்திரையிலேயே பெரும்பாலும் எழுந்துவிடும். ஆனால் நாலாவது நாள் வாலை ஆட்டிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். 4 வாரம் என்று எழுதிக் கொடுத்தால் 4 வாரமும் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டுக் காய்ச்சல் மாத்திரை, மூட்டு வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆட்டுக்கு வாங்கி வைத்த பூச்சி ஊசியை நாய்க்கும் ஒரு குத்து என்பதும் வேண்டாம். புண்ணில் மண்ணெண்ணெய், டீசல், வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெய் போடுவதைப் பல ஊரில் பார்க்கிறோம். நாய் அதை நக்கி உள்ளே எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குத் தயிர்ச் சாதம், வெந்த முட்டை, காரம் போடாத கறித் தண்ணீர் போதும். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம், நாய்க்கு அது ரத்தச் சோகை உண்டாக்கும்.

செம்பியை மற்ற நாய்களோடு சேர விடாமல் கட்டி வைக்கச் சொன்னார்கள். அவிழ்த்தே பழகிய நாய், முதல் 2 நாள் ஊளையிட்டே ஊரை எழுப்பியது.

தொடுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை

எந்த நாய்க்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் இதைப் பாருங்கள். நேற்று வரை சாதுவாக இருந்த நாய் காரணமில்லாமல் கடிக்க வருகிறது. அல்லது இருட்டில் போய் ஒளிந்துகொள்கிறது. குரல் மாறிவிட்டது. எச்சில் ஒழுகுகிறது. தாடை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை, பின்னங்கால் பின்னுகிறது. இதெல்லாம் வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் "எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று பாசத்தில் வாய்க்குள் கையை விடுவோம். விடாதீர்கள். நோய் முற்றிய நாயின் எச்சில் கையில் இருக்கிற சின்னக் கீறலில் பட்டாலும் ஆபத்து. கதவைச் சாத்தி நாயைத் தனியாக்குங்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கடித்திருந்தாலோ, புண்ணில் எச்சில் பட்டிருந்தாலோ உடனே குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த் தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை. முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாள் என்று தேதி எழுதித் தருவார்கள். ஒரு ஊசியும் தவறக் கூடாது. கடி ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடுகிற வேறு ஒரு மருந்தும் உண்டு, அதையும் கேளுங்கள். இந்த நோய் மனிதருக்கு வெளியே தெரிய ஆரம்பித்த பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்றே சொல்லலாம். ஊசியை ஆரம்பத்திலேயே முழுசாகப் போட்டுக்கொண்டால் வரவே வராமல் தடுக்கலாம்.

நாய்க்கு 3 மாதத்தில் முதல் தடுப்பூசி, பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, அதற்குப் பின் வருஷம் தவறாமல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதை ஒட்டிப் பல கால்நடை மருந்தகங்களில் இலவச ஊசி முகாம் நடக்கும்.

எல்லாக் கதையும் செம்பி கதை இல்லை

நம் கூட்டமைப்பில் இன்னொரு உறுப்பினர் வீட்டில் 11 வயது நாய். மடியில் கட்டி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் வரை பரவியது தெரிந்தது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அறுவை செய்து பயனில்லை, வலிக்கு மருந்து தருகிறேன், மூச்சு விட ரொம்பக் கஷ்டப்படும்போது கூட்டி வாருங்கள், தூங்கவைத்து விடலாம் என்றார். மயக்க மருந்தை அதிக அளவில் கொடுப்பது அது. நாய்க்கு வலி தெரியாது. அந்தச் சகோதரி 3 வாரம் வைத்திருந்து, அது தண்ணீரும் குடிக்காத அன்றைக்குக் கூட்டிப் போனார். ஊசி போடும்போது பக்கத்திலேயே இருந்து அதன் காதைத் தடவிக்கொடுத்தாராம்.

இப்படி முடிவு எடுப்பதைப் பாவம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சோற்றில் விஷம் வைப்பதும், பட்டினி போட்டுக் கட்டி வைப்பதும், சாக்கில் போட்டுப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டு வருவதும்தான் பாவம். 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அவை குற்றமும்கூட.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் "ஓடிப் போயிருச்சு" என்று பொய் சொல்லாதீர்கள். அந்த வீட்டுப் பையனிடம் அப்படித்தான் முதலில் சொன்னார்கள். அவன் 2 நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறான். அப்புறம்தான் உண்மையைச் சொல்லி, புதைத்த இடத்தைக் காட்டினார்கள். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, 4 அடிக்குக் குறையாமல் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். அவன் அந்த இடத்தில் ஒரு செம்பருத்திக் குச்சியை நட்டு வைத்திருக்கிறான். குச்சி துளிர்த்திருக்கிறது.

நாய்க்காக அழுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். 6 வருஷம் ராத்திரி துணைக்கு இருந்த ஜீவனுக்கு அழாமல் வேறு எதற்கு அழுவது? சகோதரி யாராவது இந்த மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு தடவை ஆடு மேய்த்துக் கொடுங்கள். மருத்துவமனைக்குத் துணைக்குப் போங்கள். "வேற நாய் வாங்கிக்கலாம் விடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

செம்பிக்கு இதை எழுதுகிற வரை 4 ஊசி முடிந்திருக்கிறது. முதல் ஊசிக்குப் பிறகு 2 நாள் படுத்தே கிடந்தது, நோட்டில் வரிசையாகப் பெருக்கல் குறி. மூன்றாவது ஊசி வாரத்தில் ரத்தம் நின்றது. கட்டி இப்போது சுண்டைக்காய் அளவு இருக்கிறது. அது முழுசாகப் போன பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். சிலதுக்குத் திரும்ப வருவதும் உண்டாம். எல்லாம் சரியானால் கருத்தடை அறுவையும் செய்துவிடலாம், இனி இணை சேர்ந்து இந்த நோய் வராது, கர்ப்பப்பைச் சீழும் வராது என்றார். அக்கா சம்மதித்திருக்கிறார்.

போன கூட்டத்துக்கு அக்கா வந்தார். 3 வார அபராதம் 30 ரூபாயை முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தார். வேண்டாம் என்று பிரதிநிதி சொல்லியும் கேட்கவில்லை. செம்பி வெளியே வேப்ப மரத்தடியில் கயிற்றோடு படுத்திருந்தது. அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை. வண்டிக்காரத் தம்பியிடம் சொல்லி வைத்தாயிற்று.